எண்பத்தாறு பேர்

ஏ.எல் முடிந்து ஏழு வருசத்துக்குப் பிறகு எங்கட பட்சுக்கு ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். முதலில் ஒன்பது பேர், எல்லாரும் ஒரே ரியூசனில் படித்தவர்கள். ஆளாளுக்குத் தங்களிட்ட இருந்த நம்பர்களைச் சேர்க்க, மூன்று கிழமையில் 86 பேராகிவிட்டோம்.

எப்படி இவ்வளவு கெதியாக வளர்ந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. எனக்கு ஒருத்தியைத் தெரியும், அவளுக்கு இன்னொருத்தியைத் தெரியும், பிறகு மூன்று பேரும் ஒரு முக்கோணமாகிவிடுகிறோம். பேஸ்புக் எங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஆட்களைக் காட்டும்போது பொது நண்பர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பதும் இதற்குத்தான். அதுவே வளர்ந்ததும் இப்படித்தான். 2004இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் இருந்தது. பிறகு வேறு பல்கலைக்கழகங்கள், பாடசாலைகள் என்று போய், 2006 செப்டெம்பரில்தான் எல்லாருக்கும் திறந்தது. ஏற்கெனவே நெருக்கமாக இருக்கிற கூட்டத்தைப் பிடித்தால் மிச்ச வேலையைக் கூட்டமே செய்யும்.

இன்னொன்றும் உண்டு. 1999இல் பராபசி, ஆல்பர்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் எழுதினார்கள்: வலையமைப்புக்குப் புதிதாக வருபவர், நிறையத் தொடர்பு உள்ளவரோடுதான் அதிகம் இணைகிறார். உள்ளவருக்கே மேலும் சேருகிறது. எங்கட குழுவில் வந்தவை எல்லாரும் முதலில் கதைத்தது அந்தக் காலத்து ஹெட் ப்ரிபெக்டோடு. பதில் எழுதியே களைத்துப் போனாள், பாவம்.

ஒன்றுகூடலில் படம் எடுத்து முடிய, ரசாயன ரீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டா, "எங்க உன்ர சோடி?"

இரண்டு வருசம் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். ரியூசனுக்கு வந்ததில்லை, காசில்லை. இப்பவும் ஸ்மார்ட் போன் இல்லை. அவளை ஒருவரும் வேண்டுமென்று விடவில்லை. வேற ஆரும் சேர்த்திருப்பினம் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறோம். அவளுக்கும் எங்கள் எல்லாருக்கும் நடுவில் இருந்த ஒரே கோடு நான்தான். ஏழு வருசமாக ஒருக்காக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு பஸ் எடுத்துப் போனேன். இருபது நிமிசப் பயணம். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, என்ர போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகத்துக்கும் பேர் சொன்னாள். ஒருத்தியின்ர பேரையும் மறக்கவில்லை.

"இதில ஆர் என்னைக் கேட்டவை?" என்றாள்.

"ரீச்சர்" என்றேன்.