றீபஸின் மூச்சு

துப்பறியும் நாவலைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆசிரியருள் நான் ஒருவனல்லன். ஆயினும், அகதா கிறிஸ்ரியின் பொய்றோ 1920இலேயே ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரியாகத் தோன்றி, 1975 வரை துப்பறிந்தமை எனக்குச் சற்றே நகைப்பூட்டும். ஸ்கொட்லாந்து எழுத்தாளர் இயன் றாங்கின் தம் பொலிஸ் துப்பறிவாளர் றீபஸுக்கு அச்சலுகை அளித்தாரல்லர். 1987இல் அறிமுகமானவர் 2007இல் அறுபது வயதெய்தி ஓய்வுபெறுகின்றார். பின்னர் நுரையீரல் நோய் பற்றுகின்றது. படியேற இயலாமையால், 2020இல் வெளிவந்த நாவலில் மேல்மாடியை விட்டுக் கீழ்த்தளத்துக்குக் குடிபெயர்கின்றார். எக்கொலையைக் காட்டிலும் அக்குடிபெயர்வே நாற்பதைக் கடந்த என் நெஞ்சை உலுக்கிற்று! 2024இல் வந்த நாவலிலோ, சிறைக் கைதியாயிருந்தே கொலையொன்றை ஆராய்கின்றார். கொலையாளி யாரென மாணவர் முந்திக் கூறினும் எனக்குக் குறையில்லை. அடுத்த நூலில் நான் முதலில் தேடப்போவது, றீபஸ் உயிரோடிருக்கின்றாரா என்பதையே.