பத்து ரூபாய்தானே!

குர்காவுன் வந்து பதிமூணு வருஷம் ஆச்சு. தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே இங்கே வீட்டுக்கு வீடு சீட்டுக் கச்சேரி ஆரம்பிச்சிடும். அன்னிக்குச் சூதாடாதவன் அடுத்த ஜென்மத்தில் கழுதையாப் பிறப்பான்னு ஒரு பேச்சு வேற. சீட்டுக்கட்டைத் தொட்டாலே கழுதைன்னு திட்டுற வீட்டில் வளர்ந்தவன் நான். ஹிஹி.

ஊரே மூணு சீட்டு ஆடும்போது எங்க ஆபீஸ் கும்பல் மட்டும் டெக்சஸ் ஹோல்டம். அதிலும் லிமிட். கையில் ரெண்டு சீட்டு, நடுவில் பொதுவா அஞ்சு. நாலு சுற்று பந்தயம். முதல் ரெண்டில் பத்து பத்து ரூபாய், அடுத்த ரெண்டில் இருபது. சுற்றுக்கு மூணு தடவைதான் ஏத்தலாம். ஒரே கையில் சொத்தை இழக்க முடியாது. அதுதான் ஆபத்தே. ஒவ்வொரு தடவையும் "பத்து ரூபாய்தானே, கட்டிப் பார்ப்போம்"னு தோணும்.

தீபாவளி ஆட்டம் வாராவாரம் வெள்ளிக்கிழமை ஆட்டமாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, அம்மாவோட கண்புரை ஆபரேஷனுக்கு ஒதுக்கின பணத்தில் 41,000 ரூபாய் குறைஞ்சிருந்தது. தங்கமணிகிட்ட சொல்லித்தான் ஆகணும். சொன்னேன்.

"இதுக்குத்தான் வெள்ளிக்கிழமையானா ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆபீஸ் வேலையா?"

அவங்க கணக்கு டீச்சர். ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் நான் ஆட்டம் குறிச்சு வெச்ச நோட்டைக் கேட்டு வாங்கினாங்க. "எத்தனை தடவை ஏத்தியிருக்கீங்க? எத்தனை தடவை சும்மா கட்டியிருக்கீங்க?" பக்கம் பக்கமாக் கட்டினதுதான்.

ஒரு கையை எடுத்து விளக்கினாங்க. என்கிட்ட ஆர்ட்டின் ஏஸும் எட்டும். நடுவில் விழுந்த மூணில் ரெண்டு ஆர்ட்டின். ஒருத்தர் பத்து வைக்க, இன்னொருத்தர் கட்ட, கடைசி ஆள் நான். பத்து கட்டினேன். அடுத்த சீட்டு ஆர்ட்டின் இல்லை, இருபது கட்டினேன். ஆக முப்பது. முதல்லயே இருபதா ஏத்தியிருந்தா, அடுத்த சுற்றில் மத்தவங்க பெரும்பாலும் பயந்து பாஸ் சொல்வாங்க. நானும் பாஸ் சொல்லி, கடைசி சீட்டை ஓசியில் பார்த்திருக்கலாம். செலவு இருபதுதான். யாராவது திருப்பி ஏத்தினா மட்டும் இந்தத் திட்டம் பலிக்காது.

கடைசி சீட்டுக்குக் காசு கட்டித்தான் ஆகணும்னா? தெரியாத சீட்டு 46, அதில் ஆர்ட்டின் 9, மத்தது 37. நடுவில் 83 ரூபாயாவது கிடந்தாத்தான் இருபது கட்டுறது நியாயம். இல்லைன்னா கவுத்துட்டு டீ குடிக்கப் போகலாம்.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க ரெண்டு பேர் ஆடும் லிமிட் ஆட்டத்தைக் கிட்டத்தட்ட முழுசாத் தீர்த்துட்டதா 2015-ல் அறிவிச்சாங்க. செஃபியஸ்ங்கிற அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்தைத் தொடங்கும்போது ஒண்ணு ஏத்தும், இல்லை கவுக்கும். சும்மா கட்டி உள்ளே வர்றது அபூர்வத்திலும் அபூர்வம். கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரிய 41,000 ஆச்சு.

வெள்ளிக்கிழமைக் கச்சேரியை விட்டாச்சு. போனஸில் பணத்தைத் திருப்பி வெச்சு, அம்மாவுக்கு ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சது. இப்போ தீபாவளிக்கு எங்க வீட்டில்தான் ஆட்டம், ஊர்ப் புளியில் எடுத்த கொட்டைதான் காசு. தங்கமணி பத்து கை கவுத்துட்டு ஒரு கை ஏத்துவாங்க. உடனே நான் கவுத்துடணும்னு தெரியும்.

இருந்தும் கை நீளுது. புளியங்கொட்டைதானே!