ஒண்ணும் நடக்காத நாள்

அம்புலிமாமா படித்துப் படித்து, நானும் கதை எழுதப்போகிறேன் என்று வீட்டில் பறைசாற்றியபோது எனக்கு ஆறாம் வகுப்பு. தாத்தா புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. கதையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கடைக்கு இலவசமாக வந்த டைரிகளில் யாருக்கும் வேண்டாத ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உரக் கம்பெனி டைரி, பச்சை ரெக்சின் அட்டை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியாவின் பெருமை ஒரு வரி.

"கடைச் சிட்டா மாதிரிதான் இதுவும். அன்னைய பக்கத்த அன்னைக்கே முடிச்சிடணும்" என்றார். எழுத உட்காருவது விளக்கு வைத்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால், திண்ணையில்.

முதலில் ஊரையே எழுதினேன். சீக்கிரமே சரக்கு தீர்ந்தது. ஒருநாள் 'இன்று ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதி மூடிவிட்டேன். தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"காலைல மீன்காரம்மா வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன மீனு? ஆயா ஏன் வாங்கல?"

தெரியவில்லை. "போ, கேட்டுகினு வந்து எழுது."

ஆயாவிடம் கேட்டால் சும்மா விடுவாளா? கடல் கொந்தளிப்பில் கட்டுமரம் இறங்கவில்லை, கூடையில் இருந்தது ஐஸ் மீன், அதையே புது மீன் என்று மீன்காரம்மா சாதித்தது, பதிலுக்கு ஆயா செவுளைத் தூக்கிக் காட்டியது, பக்கத்து வீட்டுக்காரி நடுவில் புகுந்து பஞ்சாயத்து பண்ணியது. பக்கம் நிறைந்து யூரியா வரிக்கு மேலேயும் எழுத்து ஏறிவிட்டது. மனசு வந்தால்தான் எழுத்து வரும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் அந்தச் செவுள்தான் ஞாபகம் வரும்.

தாத்தாவுக்கு ஆதர்சம் ஆனந்தரங்கப் பிள்ளை. கடைக்குப் போகிற வழியில் அவர் பேரில் ஒரு வீதியே இருந்தது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த மனிதர், 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி 1761 ஜனவரியில் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், போட்ட பீரங்கி, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதுவரை. அவர் இறந்த சில நாட்களில் யுத்தத்தில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. தாத்தாவுக்கு அந்த யுத்தத்தில் அக்கறை கிடையாது. "உடம்பு முடியாதப்பவும் எழுதியிருக்காருடா" என்பார். அதுதான் அவருக்குப் பெரிது.

எனக்கே சுரம் வந்தபோது, எழுத உட்காரக் கூடாது என்று ஆயா டைரியைப் பிடுங்கி வைத்தாள். தாத்தா அவளோடு வாதாடவில்லை. பாய் ஓரத்தில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லத் தன் கணக்கெழுத்தில், புள்ளியே இல்லாமல், எழுதிக்கொண்டார். கஞ்சி குடிக்கும்போது மட்டும் நிறுத்தினார். 'மாத்திரை கசப்பு' என்று நான் சொன்னதற்கு, "எது மாதிரி கசப்பு?" என்று கேட்டார். சுரத்தில் கிடக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? வேப்பங்கொட்டை என்றேன். எழுதிக்கொண்டார்.

அடுத்த ஜனவரியில் வந்தது மருந்துக் கம்பெனி டைரி. அதில் சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பக்கம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாத்தா அதைப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் கடையிலிருந்து வீணான பில் தாள்களைக் கொண்டுவந்து, அளவாக வெட்டி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையிலும் பசை தடவி ஒட்டிக் கொடுத்தார்.