சொல்ல மறந்த தேவை

சமூகவியலில் இளங்கலைப் பட்டம் பெற என்னென்ன வேண்டும் என்று முதலாண்டுத் தம்பி ஒருவன் கேட்டான். ஆறு பருவங்கள்; தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப்பாடம்; நூற்றுக்கு 75 வருகை; தாளுக்குக் குறைந்தது 40 மதிப்பெண்; இறுதியாண்டில் கள ஆய்வறிக்கை. விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். ஒன்றை மறந்துவிட்டேன்.

ஆய்வுக்காகப் பீடி சுற்றும் தெரு ஒன்றில் வினாநிரலுடன் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மடியில் சுளகு, விரலிடையே இலை. "என்ன தொழில் செய்றீங்க அக்கா?" என்றால், "வீட்டுல சும்மாத்தான் இருக்கேன் தம்பி" என்ற பதிலே வந்தது. நானும் 'தொழில் இல்லை' என்றே எழுதினேன்.

படித்த பேராசிரியர் நிமிர்ந்தார். "வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டமே ஏற்றுக்கொண்டது. நீ ஏற்கமாட்டாயா?" என்றார்.

தலை குனிந்தேன். என் அம்மா இரவெல்லாம் சுற்றிய பீடியில்தான் என் தேர்வுக் கட்டணம் கட்டப்பட்டது. கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் கோடு போட்டவனும் நானே!

அறிக்கையைத் திருத்தி எழுதித் தேறிவிட்டேன். விண்ணப்பத்தில் போட்ட கோட்டைத்தான் இனி அழிக்க இயலாது. தம்பி, தெருவை ஆராயுமுன் உன் வீட்டுத் திண்ணையைப் பார்! அதுவே நான் சொல்ல மறந்த தேவை.