மழையை நம்பிக் கட்டிய நகரம்

டிக்காலில் ஆறு கிடையாது. பக்கத்தில் ஏரியும் கிடையாது. நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. பெய்த மழையெல்லாம் அதன் பொத்தல்களில் இறங்கி மறைந்துவிடும். கோடை வந்தால் மாதக்கணக்கில் வானம் ஏமாற்றும். குடியிருக்கவே யோசிக்க வேண்டிய இந்த மேட்டில்தான் மாயர்கள் பல நூற்றாண்டுகளாகப் பல்லாயிரம் பேர் வாழ்ந்த ஒரு தலைநகரை நடத்தினார்கள். குவாத்தமாலாவின் வடக்கே, பெத்தேன் மழைக்காட்டின் நடுவே நிற்கும் அதன் கோயில்களைப் பார்க்க ஆண்டுதோறும் உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். பெரும்பாலோர் பிரமிடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நகரை வாழவைத்த குளங்களையும் மரங்களையும் பார்க்காமல் வந்தால் டிக்காலில் பாதியைக்கூடப் பார்த்ததாகாது.

பெத்தேன் இட்சா ஏரியில் உள்ள ஃபுளோரெஸ் தீவிலிருந்து புறப்பட்டால் சாலை வழியே ஒன்றரை மணி நேரத்துக்குள் டிக்கால் வந்துவிடும். பூங்காவின் வாயிலைத் தாண்டியதும் காடு இரு பக்கமும் நெருங்கி வருகிறது. உள்ளே நடக்கத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படுவது ஓர் இலவ மரம். நம் ஊரில் தலையணைக்குப் பஞ்சு தரும் அதே மரந்தான். அங்கே அது அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரத்துக்கு வளர்ந்து, கிளையெங்கும் ஒட்டுச்செடிகளைச் சுமந்து நிற்கிறது. பாதாளத்தையும் பூமியையும் வானத்தையும் இணைக்கும் உலக மரமாக மாயர்கள் அதை வணங்கினார்கள். இன்று குவாத்தமாலாவின் தேசிய மரமும் அதுதான்.

இன்னும் சற்றுத் தள்ளி, பட்டையில் கத்தி கீறிய தழும்புகளோடு நிற்கும் மரங்களைக் காணலாம். அவை சப்போட்டா. நம் தோட்டங்களில் காய்க்கும் சப்போட்டாவுக்குத் தாய்நிலம் இந்தப் பகுதிதான். அந்தத் தழும்புகள், சூயிங் கம் செய்யப் பால் வடித்தவர்கள் விட்டுச்சென்றவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பால் எடுக்கக் காட்டுக்குள் அலைந்த இந்தத் தொழிலாளர்கள்தான் பல மாய நகரங்களின் இருப்பிடத்தை ஆய்வாளர்களுக்குக் காட்டினார்கள். தலைக்கு மேல் ஊளைக் குரங்குகள் குரலெழுப்பும்போது, ஏதோ பெரிய மிருகம் பக்கத்தில் நிற்கிறது என்றே முதலில் தோன்றும். குரங்குதான் என்று அறிந்த பிறகும் உடல் சிலிர்க்கிறது.

மரங்கள் விலகும் இடத்தில் பெருஞ்சதுக்கம் விரிகிறது. கிழக்கே முதலாம் கோயில், மேற்கே இரண்டாம் கோயில், வடக்கே அரசர்கள் பல தலைமுறைகளாகப் புதைக்கப்பட்ட கட்டடத் தொகுதி. முதலாம் கோயில் ஒன்பது அடுக்குகளாக 47 மீட்டர் எழுகிறது. அதன் அடியில் உறங்கியவர் 682 முதல் 734 வரை ஆண்ட ஹசாவ் சான் கவீல். 1962-ல் அகழ்ந்தபோது, பச்சைக்கல் அணிகளோடும் எழுத்தும் சித்திரமும் செதுக்கிய எலும்புகளோடும் அவருடைய கல்லறை வெளிப்பட்டது.

இவ்வளவு பெரிய நினைவுச்சின்னம் அவருக்கு எழுந்ததற்குக் காரணம் உண்டு. 562-ல் டிக்கால் ஒரு போரில் தோற்று விழுந்தது. வடக்கே இருந்த கலக்முல் அரசு மாய உலகின் மேலாளுமையைக் கைப்பற்றியது. நூறாண்டுக்கும் மேல் டிக்காலில் நாள் பொறித்த நினைவுக்கல் ஒன்றுகூட எழவில்லை. 695-ல் கலக்முல் படையை வென்று அந்த மௌனத்தை முடித்தவர் ஹசாவ். அவருடைய மகன் யிக்கின் சான் கவீல் காலத்தில், 741-ஐ ஒட்டி, நான்காம் கோயில் எழுந்தது. உயரம் சுமார் 65 மீட்டர். இரும்புக் கருவி இல்லை, பாரம் இழுக்க மாடோ குதிரையோ இல்லை, வண்டி இல்லை. கல்லால் கல்லை வெட்டி, மனித முதுகில் சுமந்து எழுப்பிய கட்டடம் இது.

முதலாம் கோயிலில் ஏற இப்போது அனுமதி இல்லை. நான்காம் கோயிலின் பக்கவாட்டில் மரப்படிகள் அமைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்க மேலே போனால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பசுமை. அதைக் கிழித்துக்கொண்டு மூன்று கோயில்களின் முடிகள். ஒரு காலத்தில் இங்கிருந்து பார்த்தவர்களுக்குக் காடு தெரிந்திருக்காது. செந்நிறம் பூசிய கோயில்களும் வெள்ளைக் காரைத் தளங்களும் வீடுகளும் தோட்டங்களுமே தெரிந்திருக்கும்.

அந்தக் காரைத் தளங்களில்தான் நகரத்தின் உயிர் இருந்தது. சதுக்கங்களைச் சற்றே சாய்வாக அமைத்து, சுண்ணாம்பு பூசி, விழுந்த ஒவ்வொரு துளியும் குளத்துக்கு ஓடும்படி செய்தார்கள். மேட்டுச் சாலைகளே சில இடங்களில் அணையாகவும் பயன்பட்டன. அரண்மனைக் குளத்தின் அணை ஏறத்தாழ 80 மீட்டர் நீளமும் 10 மீட்டர் உயரமும் கொண்டது. கொரியென்டல் என்ற குளத்தில் குவார்ட்ஸும் சியோலைட்டும் கலந்த மணலைக் கொண்டு நீரை வடிகட்டியதை 2020-ல் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சியோலைட் கிருமிகளையும் நச்சையும் பிடித்து வைக்கும் கனிமம். அந்த மணல் உள்ளூரில் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். இன்று அந்தக் குளங்கள் இலைகள் மூடிய பள்ளங்கள். சுட்டிக்காட்ட ஆளில்லையென்றால் கடந்து போய்விடுவோம்.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு கசப்பான செய்தியைச் சொன்னது. அரண்மனையையும் கோயிலையும் ஒட்டிய குளங்களின் அடிமண்ணில் பாதரசமும், நஞ்சு உண்டாக்கும் நீலப்பச்சைப் பாசியின் தடயமும் இருந்தன. சுவர்களுக்குப் பூசிய, பாதரசம் கொண்ட சாதிலிங்கச் சிவப்பு மழையில் அடித்துவரப்பட்டுக் குடிநீரில் இறங்கியிருக்கிறது. மரங்களின் கதையும் கசப்பானதுதான். காரைக்குச் சுண்ணாம்பு வேண்டும்; சுண்ணாம்புக் காளவாசலுக்கு விறகு வேண்டும். கோயில் வாசல்களுக்கு வைத்த உத்தரங்கள் சப்போட்டா மரம். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சில உளுக்காமல் இருக்கின்றன. ஆனால் எட்டாம் நூற்றாண்டில் பருத்த, நேரான சப்போட்டா மரங்கள் அருகிப்போய், கோணலும் முடிச்சுமான வேறு மரத்தை நாட வேண்டிய நிலை வந்தது. அதற்குப் பின் ஒன்பதாம் நூற்றாண்டின் வறட்சிகள். போர்களும் ஓயவில்லை. டிக்காலின் கடைசி நினைவுக்கல்லில் உள்ள நாள் 869-ஐச் சேர்ந்தது. அதன்பின் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகரை விட்டு வெளியேறினார்கள்.

வெளியேறினார்கள், அழிந்துவிடவில்லை. ஃபுளோரெஸ் தீவில் இட்சா மாயர்களின் தலைநகரம் 1697 வரை ஸ்பானியர்களுக்கு அடங்காமல் இருந்தது. இன்றும் குவாத்தமாலாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாய மொழிகளை இலட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள். மாயப் பெரியவர்கள் டிக்காலுக்கு வந்து நெருப்பு வளர்த்து, கோபால் என்ற நறும்பிசினைப் புகைத்து வழிபடுகிறார்கள். ‘மறைந்துபோன இனம்’ என்று இவர்களைப் பற்றி எழுதுவது பொய் மட்டுமல்ல, அநீதியும்கூட.

1848-ல் குவாத்தமாலா அரசு இந்த இடிபாடுகளுக்கு முதல் குழுவை அனுப்பியது. 1956 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பெரிய அகழாய்வை நடத்தியது. 1979-ல் யுனெஸ்கோ டிக்காலைப் பண்பாட்டுக்காகவும் இயற்கைக்காகவும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2018-ல், விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி எடுத்த அளவீடு, பெத்தேனில் சுமார் 2,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 60,000-க்கும் மேற்பட்ட கட்டட அமைப்புகள் காட்டுக்கடியில் புதைந்திருப்பதைக் காட்டியது. இத்தனையையும் இத்தனை காலம் மூடிக் காத்தது காடுதான்.

அந்தக் காடுதான் இன்று ஆபத்தில் இருக்கிறது. 1990-ல் அமைத்த மாய உயிர்க்கோளக் காப்பகத்தின் மேற்குப் பகுதிகளில் மாட்டுப் பண்ணைக்காகத் தீ வைத்துக் காடழிக்கிறார்கள். டிக்காலுக்கு வடக்கே வாஷக்தூன் போன்ற ஊர்களில் மக்களே அரசிடம் உரிமை பெற்று, அளவோடு மரம் வெட்டி, அலங்கார இலைகள் பறித்து, காட்டையும் பிழைப்பையும் சேர்த்துக் காத்து வருகிறார்கள். டிக்காலுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, கோயில்களுக்கு முன் குளங்களைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் வாஷக்தூனுக்கும் போய் வாருங்கள். அங்கே நாம் செலவழிக்கும் பணம், அந்தக் காட்டைக் காப்பவர்களின் கைக்குப் போய்ச் சேரட்டும்.