பேரன் குரலில் ஒரு மணி

தந்தி அலுவலகத்தில் டெலிபிரிண்டரோடு காலம் தள்ளியவன் நான். எதிர்முனையில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமானால் விசையைத் தட்டுவோம். அங்கே மணி அடிக்கும். அந்த மணிக்கு இன்றைய கணினியிலும் இடம் உண்டு. ஆஸ்கி அட்டவணையில் 7-ஆம் எண் அதுதான். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடிவிட்டார்கள். மணி மட்டும் டெர்மினலுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

போன வருஷம் என் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு வகைச் சொட்டு மருந்து, தினம் நாலு வேளை, ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஐந்து நிமிடம். போட்டுவிடும் பொறுப்பு என்னுடையது. செல்போன் அலாரத்தின் கீச்சொலி என் காதில் ஏறுவதில்லை. வயதானால் முதலில் போவது அந்த உச்ச ஒலிகள்தான். பகலெல்லாம் லினக்ஸ் கணினி முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறோம், அதையே கூப்பிட வைப்போம் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

பழைய பாசத்தில் முதலில் 7-ஆம் எண்ணை அனுப்பிப் பார்த்தேன். மெல்ல 'டொக்' என்றது, அவ்வளவுதான். பேரனிடம் சொன்னேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான்: "பாட்டி, கண்ணுக்கு மருந்து! தாத்தாவைக் கூப்பிடு!" வாட்ஸ்அப் குரல் கோப்பு 'ஏபிளே' கட்டளைக்குப் புரியாது. 'எஃப்எஃப்எம்பெக்' கொண்டு வேவ் கோப்பாக மாற்றினேன். ஸ்கிரிப்டில் மூன்றே வரி: குரல், 'ஸ்லீப் 300', மறுபடி குரல். கையால் ஓட்டினேன், வீடே அதிர்ந்தது. காலை மருந்து போட்ட கையோடு 'கிரானி'ல் நேரங்களைக் குறித்துவிட்டு, பழைய புகைப்படங்களை அடுக்க உட்கார்ந்தேன்.

மதியம் சத்தமே வரவில்லை. சாயங்காலம்தான் உறைத்தது. அவள் கண் லேசாகச் சிவந்திருந்தது. "உங்க கம்ப்யூட்டரை நம்பி நானும் படுத்துட்டேன்" என்றாள். மறுநாள் மருத்துவர் பார்த்து, பயமில்லை என்று சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோளாறு இதுதான். கிரான் தானாக ஓட்டும்போது, நாம் திரைமுன் உட்கார்ந்து ஓட்டும் சூழல் அதற்குக் கிடைப்பதில்லை. ஒலி அமைப்பு எங்கே என்றே தெரியாமல் விழித்திருக்கிறது. ஸ்கிரிப்டின் தலையில் 'எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர்' என்ற மாறிக்கு '/ரன்/யூசர்/1000' என்று எழுதினேன். அந்த 1000 என் பயனர் எண். உடனே பேசியது. இந்த முறை இரண்டு நிமிடம் தள்ளி நேரம் குறித்து, காதால் கேட்ட பிறகுதான் எழுந்தேன். மணி அடித்தால் மட்டும் போதாது, எதிர்முனையில் கேட்டதா என்று பார்க்க வேண்டும். அத்தனை வருஷம் செய்த வேலையை வீட்டில் மறந்தது என் தப்பு.

ஆறு வாரத்தில் சொட்டு மருந்து முடிந்தது. வரிகளை அழிக்கப் போனேன்.

"நாலு மணிக்கு மட்டும் இருக்கட்டுங்க" என்றாள்.

இப்போதும் தினம் நாலு மணிக்குப் பேரன் மருந்து போடச் சொல்கிறான். நாங்கள் காபி குடிக்கிறோம்.