பால் குடித்தால் எலும்பு பலமாகும்னு நினைச்சோம்!

ஜோலார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசல் நிலையில் பென்சில் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் என் அக்கா மகனை நிற்கவைத்து அப்பா உயரம் குறிப்பார். ஏழு வயதில் போட்ட கோட்டுக்கும் ஒன்பது வயதில் போட்ட கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை.

அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியும் முன்பே ரயிலேறி ஆம்பூர், குடியாத்தம் தாண்டி காட்பாடியில் இறங்கி வேலூர் போவோம். ரத்தம் சுத்தமானால் போதும் என்றுதான் நினைத்திருந்தோம். 'கால் வலிக்குது சித்தி' என்று அவன் சொன்னபோது, 'விளையாடினா வலிக்கத்தான்டா செய்யும்' என்றேன். எலும்புக்கு நல்லதென்று அம்மா தினமும் இரண்டு டம்ளர் பால் கொடுத்தார்.

டாக்டர் சொன்னபோதுதான் புரிந்தது. உணவில் மிஞ்சும் பாஸ்பரஸை வெளியேற்றுவதும், வைட்டமின் டி-யை உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகத்தின் வேலைதான். அது நின்றால் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறும், கால்சியம் இறங்கும். அதைச் சரிக்கட்ட, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை அதிகமாகச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். எலும்பு வலி, கால் வளைதல், வளர்ச்சி தடைபடுதல் எல்லாம் இதனால் வரலாம். டயாலிசிஸ் எடுப்பது பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான். பாலிலோ பாஸ்பரஸ் நிறைய!

இன்னொரு தவறு என்னுடையது. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு தர வேண்டும். உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து அது மலத்தோடு வெளியேற்றும். நானோ, மறந்துவிடக் கூடாதென்று காலையில் வெறும் வயிற்றில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில்தான் மாத்திரை. கோலா, பாக்கெட் நொறுக்குத்தீனி கிடையாது. வைட்டமின் டி மருந்தும் ரத்தப் பரிசோதனையும் தவறுவதில்லை. அதற்காகப் பாலை நாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. வளரும் பிள்ளைக்குப் புரதமும் கால்சியமும் வேண்டும். அளவை டாக்டரும் டயட்டீஷியனும்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை, 1971-ல் எங்கள் வேலூர் சி.எம்.சி-யில்தான் நடந்தது. தன் சிறுநீரகம் பொருந்துமா என்று அக்கா இப்போது பரிசோதனை செய்துகொண்டிருக்கிறாள்.

போன பொங்கலுக்கு அப்பா பென்சிலைத் தொடவில்லை. அவனே எடுத்துவந்து நிலையோரம் நின்றான். 'குதிகாலைத் தூக்காதடா' என்றேன்.

'தூக்கல சித்தி... நல்லாப் பாரு!'

பழைய கோட்டுக்கு மேலே, கொஞ்சம் தள்ளி, ஒரு புதுக் கோடு விழுந்தது.